நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில்: ஃப்ளூரோயுராசில் நிகழ்வு ஒன்றின் ஆய்வு

நடந்தது

2006 ஜூலை 31. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம், எட்மண்டன் நகரம். அங்குள்ள கிராஸ் கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு 43 வயதுப் பெண் ஒருவர் கீமோவுக்காக வந்தார். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் வரும் புற்றுநோய் அவருக்கு. இரண்டு மருந்துகள் எழுதப்பட்டிருந்தன. முதலாவது சிஸ்பிளாட்டின். இரண்டாவது ஃப்ளூரோயுராசில், இதை நான்கு நாட்கள் இடைவிடாமல், மிக மெதுவாக ரத்தத்தில் செலுத்த வேண்டும். அதற்காக நான்கு நாளும் மருத்துவமனையில் படுத்திருக்கத் தேவையில்லை. உடம்போடு எடுத்துச் செல்லக்கூடிய சிறிய பம்ப் ஒன்றில் மருந்துப் பையை இணைத்து, வேகத்தை அமைத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவரையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

நான்கு நாட்களுக்கான மருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முழுவதும் உடம்புக்குள் போய்விட்டது. பம்ப் மணிக்கு 1.2 மி.லி. செலுத்தியிருக்க வேண்டும், மணிக்கு 28.8 மி.லி. என்று அமைக்கப்பட்டிருந்தது. தவறு அன்றைக்கே தெரியவந்தது. ஆனால் உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க வழி இல்லை. அதன் விளைவை முறிக்கும் மருந்து எதுவும் அப்போது அங்கீகரிக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வாயும் குடலும் புண்ணாகின, எலும்பு மஜ்ஜை செயலிழந்தது, பிறகு ஒவ்வோர் உறுப்பாகக் கைவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று அவர் இறந்தார்.

இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கீமோவின் பக்கவிளைவு என்றதும் முடி கொட்டுவது, வாந்தி, சோர்வு ஆகியவைதான் எல்லார் நினைவுக்கும் வரும். அவை மருந்து சரியான அளவில் போகும்போதே வருபவை. மருந்து மாறவில்லை, மில்லிகிராம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. போன வேகம் மட்டும் மாறியது என்றால் என்ன ஆகும் என்பதை எட்மண்டன் நிகழ்வு போல் துல்லியமாகக் காட்டும் வேறொன்றை நான் படித்ததில்லை. கீமோ மருந்தில் நேரமும் ஒரு டோஸ்தான். மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர், நோயாளி எல்லாருக்கும் இது மில்லிகிராம் கணக்கு அளவுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்து என்ன செய்கிறது

ஃப்ளூரோயுராசில் பழைய மருந்து. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹைடல்பெர்கரும் அவரது குழுவினரும் 1957-இல் இதை அறிவித்தார்கள். புற்றுக்கட்டிகள் யுராசில் என்ற மூலப்பொருளைச் சாதாரணத் திசுக்களைவிட அதிகமாக எடுத்துக்கொள்கின்றன என்பது அதற்கு முன்பே எலிகளில் கவனிக்கப்பட்டிருந்தது. அந்த யுராசிலில் ஐந்தாம் இடத்திலுள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃப்ளூரினை வைத்தார்கள். செல் இதை யுராசில் என்றே நம்பி உள்ளே இழுக்கிறது. உள்ளே போனதும் அது இரண்டு வழியில் வேலை செய்கிறது. டிஎன்ஏ கட்டுவதற்கு வேண்டிய தைமிடின் உற்பத்தியை ஒரு பக்கம் முடக்குகிறது. இன்னொரு பக்கம் ஆர்என்ஏவுக்குள் போலிச் சரக்காகப் புகுந்து, அதன் வேலையைக் கெடுக்கிறது. இந்த இரண்டாவது வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முறிமருந்து பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெருங்குடல், இரைப்பை, கணையம், தலை-கழுத்துப் புற்றுநோய்களில் இந்த மருந்து இன்னும் முன்வரிசையில் இருக்கிறது. ஏராளமானோர் இதனால் ஆண்டுக்கணக்கில் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். இந்த ஆய்வைப் படிக்கும் யாரும் இது விஷம், வேண்டாம் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது.

உடம்புக்குள் நுழைந்த ஃப்ளூரோயுராசிலில் 80 சதவீதத்துக்கும் மேல் டிபிடி என்ற நொதியால் சிதைக்கப்படுகிறது, பெரும்பாலும் ஈரலில். அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், நிமிடக் கணக்குதான், ஏறத்தாழ 8 முதல் 20 நிமிடம். அதனால்தான் மருந்தை நாள் கணக்கில் தொடர்ந்து செலுத்துகிறார்கள். கொடுப்பதை நிறுத்தினால் சீக்கிரமே ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும்; இடைவிடாமல் மெதுவாகக் கொடுத்தால், பிரியும் செல்கள் எந்த நேரத்தில் பிரிந்தாலும் மருந்து அங்கே இருக்கும்.

வேகம் கூடினால் பக்கவிளைவின் அளவு மட்டும் கூடுவதில்லை, வகையே மாறுகிறது. சில நிமிடங்களில் ஒரேயடியாக ஏற்றினால் எலும்பு மஜ்ஜை அதிகம் அடிவாங்கும், வெள்ளை அணுக்கள் இறங்கும். நாள் கணக்கில் மெதுவாக ஏற்றினால் மஜ்ஜை ஓரளவு தப்பிக்கும். அதற்குப் பதில் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும் கை-கால் நோய்க்குறி ஆகியவை மேலெழும். மெதுவாக ஏற்றும்போது தாங்கக்கூடிய மொத்த அளவும் கூடுதல். இந்தச் சலுகை முழுக்க முழுக்க டிபிடி நொதி ஈடுகொடுப்பதைப் பொறுத்தது. நொதிக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. அதற்கு மேல் மருந்து வந்து குவிந்தால் சிதைப்பது பின்தங்கும், ரத்தத்தில் அளவு நேர்விகிதத்தைத் தாண்டி ஏறும்.

எட்மண்டன் நோயாளிக்கு எழுதியிருந்தது உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 4,000 மி.கி.; அவருடைய உடற்பரப்புக்கு மொத்தம் 5,250 மி.கி. பெருங்குடல் புற்றுநோய்க்கான பரவலான முறைகளில் ஒரே மூச்சில் ஏற்றும் அளவு சதுர மீட்டருக்கு 400 மி.கி. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரே மூச்சில் கொடுக்கும் அளவைப் போல் பத்து மடங்கு அவருக்கு ஒரு மாலைப்பொழுதுக்குள் போய்விட்டது. மணிக்கு சுமார் 55 மி.கி. வர வேண்டிய இடத்தில் 1,300 மி.கி.க்கு மேல் வந்தது.

28.8 எங்கிருந்து வந்தது

பையில் இருந்த கரைசலில் ஒரு மி.லி.க்கு 45.57 மி.கி. மருந்து. 5,250-ஐ 45.57-ஆல் வகுத்தால் 115.2 மி.லி. அதை நான்கு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 28.8 மி.லி. அதை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 1.2 மி.லி. கணக்கு இவ்வளவுதான். பம்பை அமைத்த நர்ஸ் கடைசிப் படியை, அதாவது 24-ஆல் வகுப்பதை, விட்டுவிட்டார். கிடைத்த விடை 28.8.

அப்புறம் அவர் செய்தது ஒழுங்காக வேலை செய்யும் எவரும் செய்வதுதான். விடையை மருந்துப் பையின் லேபிளோடு ஒப்பிட்டார். லேபிளில் 28.8 இருந்தது. மருந்தகம் அச்சிட்ட அந்த லேபிளில் 24 மணி நேரத்துக்கு 28.8 மி.லி. என்றும், மணிக்கு 1.2 மி.லி. என்றும் இரண்டு எண்களும் இருந்தன. அந்த பம்பை மணிக்கு இவ்வளவு என்றுதான் அமைக்க வேண்டும். அதற்கு முதல் எண் தேவையே இல்லை. இருந்தும் அது அங்கே இருந்தது. ஒருவர் தானாகப் போட்ட கணக்கின் விடை, மருந்தகத்தின் அச்சில் அப்படியே கண்முன் நிற்கும்போது சந்தேகம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது நர்ஸ் சரிபார்த்தார். இது விதி; கீமோ பம்பை இருவர் பார்க்க வேண்டும். அவருக்குக் கால்குலேட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. மனக்கணக்காகவும் தாளிலும் போட்டுப் பார்த்தார். அதே படி விடுபட்டது, அதே 28.8 வந்தது, அதே லேபிள் அதை ஆமோதித்தது. இரண்டு பேர் பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் இருவரும் பார்த்தது ஒரே லேபிளை, ஒரே வழியில். முதலாமவரின் விடையைத் தெரிந்துகொண்டு, அதே பாதையில் இன்னொருமுறை நடப்பது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாமவர் பம்பின் திரையைப் பார்க்காமல், மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டிலிருந்து தொடங்கித் தனியாக விடை கண்டு, கடைசியில்தான் திரையோடு ஒப்பிட வேண்டும். மருந்துப் பாதுகாப்பில் தனித்த இரட்டைச் சரிபார்ப்பு என்பது இதைத்தான். பரபரப்பான வெளிநோயாளர் பிரிவில் இது எவ்வளவு கடினம் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கடினம் என்பதற்காக அதைக் கையெழுத்துச் சடங்காக்கிவிட முடியாது.

இந்தத் தவறு கண்ணில் படாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 115 மி.லி.யை 28.8-ஆல் வகுத்தால் நான்கு வருகிறது. எதிர்பார்த்ததும் நான்குதான். நாளா மணியா என்ற அலகு மட்டும் வேறு. விடை நாற்பது என்றோ அரை என்றோ வந்திருந்தால் யாராவது புருவத்தை உயர்த்தியிருப்பார்கள். பழகிய எண்ணின் வேஷத்தில் வரும் தவறுதான் மிகவும் ஆபத்தானது.

பம்ப் மறுக்கவில்லை. 1.2 என்றாலும் சரி, 28.8 என்றாலும் சரி, அதற்கு இரண்டும் செல்லுபடியாகும் எண்களே. உள்ளே இருப்பது ஃப்ளூரோயுராசில், இதற்கு இந்த வேகம் கூடாது என்று சொல்லும் மருந்துப் பட்டியலோ வரம்போ அதில் இல்லை.

யாரைக் குறை சொல்வது

மாகாணத்தின் புற்றுநோய் வாரியம், பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான கனடிய நிறுவனமான ஐஎஸ்எம்பி கனடாவை அழைத்து விசாரணையை ஒப்படைத்தது. அறிக்கை 2007-இல் பொதுவெளியில் வந்தது. இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். தன் கூரையின் கீழ் ஒருவர் இறந்ததை எண் எண்ணாக, படி படியாக உலகத்தின் முன் வைத்த மருத்துவமனைகள் அதிகம் இல்லை. இன்றைக்கு நாம் 45.57 என்ற தசம எண் வரை பேச முடிகிறது என்றால், அது அவர்கள் திறந்து வைத்ததால்தான்.

விசாரணைக் குழு ஒரு சோதனை செய்தது. ஐந்து நர்ஸ்களிடம் அதே வகை பம்பையும் அதே மாதிரி மருந்துச் சீட்டையும் லேபிளையும் கொடுத்து அமைக்கச் சொன்னார்கள். மூன்று பேர் தவறான எண்ணை உள்ளிட்டார்கள். ஐந்து பேருமே ஏதோ ஓர் இடத்தில் குழம்பினார்கள். நர்ஸின் கவனக்குறைவு என்று முடித்துவிட நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஐந்தில் மூன்று பேரைத் தவறவைக்கும் ஏற்பாட்டில் அந்த இருவரையும் நீக்கிவிட்டு வேறு இருவரை நிறுத்தியிருந்தால், அதே பம்பும் அதே லேபிளும் அடுத்தவருக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

இது முதல் தடவையும் இல்லை. 1994 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில், டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்தில் பெட்சி லேமன் என்பவர் மார்பகப் புற்றுநோய்க்கு அதிக டோஸ் சைக்ளோஃபாஸ்ஃபமைடு எடுத்துக்கொண்டார். அவர் பாஸ்டன் குளோப் நாளிதழில் மருத்துவப் பத்தி எழுதிவந்தவர், வயது 39. சதுர மீட்டருக்கு 4,000 மி.கி. என்பது நான்கு நாளுக்கான மொத்தம். அது ஒரு நாள் டோஸாகப் புரிந்துகொள்ளப்பட்டு, நான்கு நாளும் கொடுக்கப்பட்டது. டிசம்பர் 3 அன்று அவர் இறந்தார். அதே தவறு இன்னொரு பெண்ணுக்கும் நடந்து அவருடைய இதயம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இவை வெளியே தெரிந்தது 1995 பிப்ரவரியில், ஆய்வுத் தரவுகளை வழக்கம்போலச் சரிபார்த்தபோதுதான். பாஸ்டனில் மொத்தம் நாளானது. எட்மண்டனில் நாள் மணியானது. பன்னிரண்டு வருட இடைவெளி, வேறு நாடு, வேறு மருந்து. தடுமாறிய இடம் மட்டும் ஒன்றே. சதுர மீட்டருக்கு 4,000, நான்கு நாள் என்ற எண்கள்கூட இரண்டிலும் ஒன்றே.

உடம்பில் நடந்தது

இப்போது இந்த நிகழ்வின் மிகக் கொடிய பகுதிக்கு வருகிறேன். அளவுக்கு மீறிய ஃப்ளூரோயுராசில் உள்ளே போனவர் அன்று மாலை பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். கொஞ்சம் குமட்டல் இருக்கலாம். பேசுவார், சாப்பிடுவார், நடப்பார். அடுத்த நாளும் அப்படியே போகலாம். மருந்து ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் போய்விட்டிருக்கும். ஆனால் போவதற்குள் ஆர்என்ஏவிலும் டிஎன்ஏவிலும் தன் வேலையை முடித்துவிட்டிருக்கும். சேதமான செல்கள் உடனே சாவதில்லை. பிரிய முயலும்போது சாகின்றன. அதனால்தான் இந்தத் தாமதம்.

முதலில் வாயின் உட்சவ்வும் குடலின் உட்சவ்வும் விழுகின்றன. இவை சில நாட்களுக்கு ஒருமுறை தம்மை முழுக்கப் புதுப்பித்துக்கொள்பவை. பழையது உதிரும், புதியது வராது. வாய் முழுவதும் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாத நிலை, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, நீரிழப்பு. அடுத்தது ரத்தம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் ஆயுள் மிகக் குறைவு, அதனால் அவை முதலில் காலியாகின்றன. பிளேட்லெட்டுகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆயுள். அவை அடுத்து இறங்கும். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்பவை, எனவே அவற்றின் குறைவு கடைசியாகத்தான் தெரியும். வழக்கமான டோஸிலேயே வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போவது 9 முதல் 14-ஆம் நாளுக்குள்.

இந்த இரண்டு சேதங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுவதுதான் உயிரை எடுக்கிறது. குடற்சுவர் திறந்து கிடக்கும் நேரத்தில் காவலுக்கு வெள்ளை அணுக்கள் இருக்காது. குடலில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள் நேராக ரத்தத்துக்குள் போகும். எங்காவது ரத்தம் கசிந்தால் உறையவைக்கப் பிளேட்லெட்டுகள் இருக்காது. ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம் நிற்கும், நுரையீரல் திணறும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆன்டிபயாடிக், திரவங்கள், ரத்தம், வெள்ளை அணுக்களைத் தூண்டும் ஊசி எல்லாம் கொடுக்கலாம். ஆனால் மஜ்ஜை மீண்டெழும் வரை உடம்பு தாங்க வேண்டுமே. எட்மண்டனில் தாங்கவில்லை.

கீமோ எடுக்கும் எவருக்கும், எந்தத் தவறும் நடக்காதபோதுகூட, இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. ஏற்றிய அன்று நன்றாக இருந்தோம் என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. இரண்டாம் வாரத்தில் வரும் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டுக் காலை வரை பார்ப்போம் என்று இருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். இந்த மருந்து இதயத் தமனிகளைச் சுருங்க வைக்கக்கூடியது. திடீர்க் குழப்பம், தடுமாற்றம், தூக்கக் கலக்கம் ஆகியவையும் அப்படியே. ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளையைப் பாதிப்பது அரிது என்றாலும் இந்த மருந்தில் நடக்கிறது.

பம்ப் தவறாமலே மிகை டோஸ்

ஒரு நிகழ்வின் விசாரணை அந்த ஒரு வாசலை மட்டும் மூடினால் போதாது. ஃப்ளூரோயுராசில் மிகையாவதற்கு பம்ப் தவற வேண்டும் என்பதே இல்லை. வெளியேற்றும் வழி அடைபட்டாலும் அதே கதைதான்.

1993-இல் ஜப்பானில் அக்கி நோய்க்கு சோரிவுடின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து விற்பனைக்கு வந்தது. ஃப்ளூரோயுராசில் வகை மருந்துகளை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த புற்றுநோயாளிகள் சிலருக்கு அதுவும் எழுதப்பட்டது. சோரிவுடினைக் குடல் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது உருவாகும் பொருள் டிபிடி நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். சரியான டோஸில் எடுத்த கீமோ வெளியேற வழியில்லாமல் பெருகியது. சில வாரங்களுக்குள் பதினைந்து பேர் இறந்தார்கள். மருந்து திரும்பப் பெறப்பட்டது. கீமோ எடுப்பவர் வேறு எந்த மருந்து எடுத்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று நர்ஸ்கள் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட வலுவான பதில் இல்லை.

சிலருக்குப் பிறப்பிலேயே டிபிடி நொதி குறைவு. பகுதிக் குறைபாடு நூற்றில் சில பேருக்கு இருக்கிறது. நொதி அறவே இல்லாதவர்கள் மிக அரிது, ஆயிரத்தில் சிலர். வாழ்நாளில் அவர்களுக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை; இந்த மருந்தைத் தொடாதவரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. முதல் சுற்றிலேயே, சரியாக அமைத்த பம்பில், சரியான டோஸில், எட்மண்டன் நோயாளிக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்கலாம். மாத்திரையாக எடுக்கும் கேப்சைட்டபினும் உடம்புக்குள் ஃப்ளூரோயுராசிலாகவே மாறுகிறது, அதனால் மாத்திரைதானே என்று நினைக்க இடமில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2020 ஏப்ரலில், சிகிச்சை தொடங்குவதற்கு முன் இந்தக் குறைபாட்டைப் பரிசோதிக்கும்படி பரிந்துரைத்தது. மரபணு வழியாகவோ, ரத்தத்தில் யுராசில் அளவைப் பார்த்தோ செய்யலாம். பகுதிக் குறைபாடு என்றால் குறைந்த டோஸில் தொடங்கலாம்; அறவே இல்லையென்றால் மருந்தே கூடாது. ஒரு ரத்த மாதிரியில் முடியும் இந்தப் பரிசோதனை எல்லா இடங்களிலும் இன்னும் வழக்கமாகவில்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

என்ன மாறியது, எது போதும்

விசாரணையின் பரிந்துரைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மிக எளிமையான ஒன்று: லேபிளில் தேவையில்லாத எண்ணை எடுத்துவிடுவது. பம்ப் மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் மணிக்கணக்கு எண் மட்டும், அமைக்க வேண்டிய வரிசையில், பெரிதாக இருக்க வேண்டும். 28.8 அங்கே அச்சாகாமல் இருந்திருந்தால் இரண்டு நர்ஸ்களின் விடையும் லேபிளோடு மோதியிருக்கும். கூடுதல் தகவல் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் நாம் லேபிளை நிரப்புகிறோம். தவறான விடைக்குச் சாட்சி சொல்ல ஓர் எண்ணை அங்கே நிறுத்தி வைக்கிறோம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

வரம்பு தெரிந்த பம்புகள் அடுத்தது. மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் அதற்கான உச்ச வேகத்தை பம்பே அறிந்திருக்கும், தாண்டினால் ஓடாது. பல இடங்களில் எலாஸ்டோமெரிக் பம்புக்கு மாறிவிட்டார்கள். உள்ளே ஒரு பலூன், மருந்து நிரப்பியதும் அது தானே மெல்லச் சுருங்கி, நுண்குழாய் வழியாக ஒரே வேகத்தில் தள்ளும். பேட்டரி இல்லை, எண் உள்ளிடும் திரையும் இல்லை. உள்ளிட எண் இல்லையென்றால் அந்தத் தவறுக்கு இடமே இல்லை. ஆனால் அதிலும் ஐந்து நாள் கருவிக்குப் பதில் இரண்டு நாள் கருவியை எடுத்துவிட முடியும். வெப்பநிலைக்கேற்ப வேகமும் சற்று மாறும். எந்தக் கருவி வந்தாலும் மருந்தகத்திலும் நோயாளி பக்கத்திலும் ஒரு கண் இருந்தே ஆக வேண்டும்.

தவறு செய்யாதே என்று எச்சரிப்பதைவிட, தவறு நடக்க முடியாதபடி பொருளை மாற்றுவது வலிமையானது. வின்கிரிஸ்டின் இதற்கு நல்ல உதாரணம். அது ரத்தக் குழாயில் மட்டும் போக வேண்டிய கீமோ மருந்து. முதுகுத்தண்டுக்குள் போடவேண்டிய வேறு மருந்தோடு சிரிஞ்ச் மாறி அங்கே போய்விட்டால், ஏறக்குறைய எப்போதும் மரணம்தான். எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் ஒட்டியும் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் நடந்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் அதை சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் கலந்து கொடுக்கும்படி எச்சரிக்கை வெளியிட்டது. பையை முதுகுத்தண்டு ஊசியில் மாட்டி அழுத்த யாருக்கும் கை வராது.

நோயாளிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? மருந்தியல் வேண்டாம். பை எத்தனை நாளில் காலியாக வேண்டும், நாளை இதே நேரம் எவ்வளவு மீதி இருக்க வேண்டும், பம்பின் திரையில் மணிக்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும். இந்த மூன்றையும் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், வீட்டில் ஒரு மணி நேரம் கழித்துப் பையைப் பார்ப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். நான்கு நாள் ஓட வேண்டிய பை ஒரு மணி நேரத்தில் கால்வாசி குறைந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கக் கால்குலேட்டர் வேண்டியதில்லை. அப்போது நிறுத்தினால் முக்கால் பங்கு மருந்து வெளியே நின்றுவிடும். நோயாளியும் உடனிருப்பவரும் பாதுகாப்பு ஏற்பாட்டின் கடைசிக் கண் என்று எழுதுவார்கள். எல்லா நேரமும் பையோடு இருப்பது அவர்கள் மட்டுமே, அதனால் அவர்களை முதல் கண்ணாக நடத்த வேண்டும் என்கிறேன்.

96 மணி நேரம்

2015 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, யூரிடின் ட்ரையசிட்டேட் என்ற மருந்தை ஃப்ளூரோயுராசில், கேப்சைட்டபின் மிகைக்கு முறிமருந்தாக அங்கீகரித்தது. எட்மண்டன் பெண் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. குறுணையாக வரும் வாய்வழி மருந்து. பெரியவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 கிராம், மொத்தம் 20 வேளை. உடம்புக்குள் அது யூரிடினாக மாறி, ஆர்என்ஏவில் போலிச் சரக்கு உட்காரப் போகும் இடங்களில் அசல் சரக்கைக் கொண்டுவந்து குவிக்கிறது. போட்டியில் போலி தோற்கிறது, குடலும் மஜ்ஜையும் தப்பிக்கின்றன. அங்கீகாரத்துக்கு ஆதாரமான ஆய்வுகளில் மிகை டோஸுக்காக இதை எடுத்தவர்களில் 97 சதவீதம் பேர் 30-ஆம் நாளில் உயிரோடு இருந்தார்கள். டோஸ் மிகையாகாமலே சீக்கிரம் கடும் நச்சு விளைவு வந்து, இதை எடுத்தவர்களில் 89 சதவீதம்.

நிபந்தனை ஒன்று உண்டு. கீமோ முடிந்த 96 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். நோயாளி நன்றாக இருப்பதுபோல் தெரியும் நாட்களும் கிட்டத்தட்ட அதே 96 மணி நேரம்தான். வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் முறிமருந்துக்கான நேரம் கடந்திருக்கும். அதனால் மிகை டோஸ் போயிருப்பது உறுதி என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. அறிகுறி இல்லாதபோதே தொடங்க வேண்டும்.

பம்ப் மூலம் இந்த மருந்தை வீட்டுக்கு அனுப்பும் எந்த மையமும் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும். முறிமருந்து எங்கே இருக்கிறது? அது இங்கே வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்? விடுமுறை நாள் இரவில் பம்ப் அலறியபடி ஒருவர் திரும்பி வந்தால், அதை வரவழைக்கும் அதிகாரம் பணியில் இருப்பவர்களில் யாருக்கு? அந்தத் தாள், பம்புகள் வைத்திருக்கும் அலமாரியிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.